ஆகாயப் பித்தருக்கு அதிர்ஷ்டம் விழுந்தால்

அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குபவன் காசு கொடுத்துப் பெறுவது பணத்தையன்று. சீட்டிழுக்கும் நாள்வரையில் தடையின்றிக் கனாக் காண்பதற்குரிய உரிமையையே அவன் பெறுகின்றான். அந்தச் சில நாட்களிலே அவன் மனத்தில் வீடு எழும்புகின்றது. ஈட்டிலிருந்த காணி மீளுகின்றது. பெண்மக்களுக்குச் சீதனம் சேருகின்றது. ஊர்க் கோயிலுக்குக் கோபுரமும் உயருகின்றது. இவை எல்லார்க்கும் பொதுவான கனாக்கள். இவற்றைக் குறைகூற நாம் புகவில்லை.

மனிதருள் வேறொரு சாரார் உளர். தலைக்குமேல் ஓர் இரைச்சல் கேட்டால் உண்ட கையைக் கழுவாமலே முற்றத்துக்கு ஓடி அண்ணாந்து நிற்பவர் இவர். மேகத்தினிடையே புள்ளியாய்த் தோன்றுவதன் வாலையும் சிறகையும் கண்டே அதன் குலங் கோத்திரம் சொல்ல வல்லவர். பலாலியாயினும் இலண்டனாயினும் விமானத்தளம் ஒன்று உளதேல் அதன் வேலியோரத்தில் இவருள் ஒருவரையேனும் காணலாம். இவர்களை ஆகாயப் பித்தர் என்போம். பித்தர் என்பது நம்மிடையே வசைச்சொல் அன்று. சுந்தரர் வாயால் இறைவனே ஏற்றுக்கொண்ட பெயர் அது.

இத்தகையோன் ஒருவனுக்குப் பெருந்தொகை திடீரென விழுமாயின் அவன் யாது செய்வான்? கேட்டுப் பாருங்கள், விடை ஆயத்தமாக இருக்கும். தானே ஓட்டத்தக்க சிறு விமானம் ஒன்றை வாங்கி நினைத்தபோது நினைத்த ஊரில் இறங்குவேன் என்பான் ஒருவன். யுத்தகாலத்து விமானம் ஒன்றைத் தேடிப் பிடித்துச் செப்பஞ் செய்வேன் என்பான் மற்றொருவன். பெரிய கொட்டகை ஒன்று கட்டி, வழக்கொழிந்த விமானங்களையெல்லாம் அதனுள் நிரப்பித் திறப்புக் கோவையை இடுப்பிற் செருகிக்கொள்வேன் என்பான் இன்னொருவன். பெரும் பித்தன் கடைசியாகப் பேசுவான். எவரும் இதுவரை கண்டிராத விமானம் ஒன்றை நானே செய்விப்பேன் என்பான்.

இவற்றை வெறுங் கனா என்று தள்ளிவிட முடியாது. இந்நான்கையும் செய்து பார்த்தவர்கள் உளர். அவர்களுட் பலருக்குச் செல்வம் சீட்டினால் வரவில்லை, பிதிரார்ச்சிதமாக வந்தது என்பது மெய்யே. ஆனால் அதுவும் ஒருவகைச் சீட்டிழுப்பே அன்றோ? இன்னாருக்கு மகனாய்ப் பிறத்தல் எவருடைய முயற்சியாலும் அமைவதன்று.

பிறேசில் தேசத்திலே 1873ஆம் ஆண்டு பிறந்த சந்தோஸ் துமோன் என்பாரை முதலிற் கூறுதல் முறை. தந்தையார் பெரிய கோப்பித் தோட்டக்காரர். வண்டியிலிருந்து வீழ்ந்து உடல் முடங்கியபின் அவர் தோட்டத்தை விற்று, 1892ஆம் ஆண்டிலே மகனுடைய பங்கை மகன் கையிற் கொடுத்தார். மகனுக்கு அப்போது வயது 18. கொடுத்தபோது அவர் சொன்ன புத்திமதி நம்மூர்த் தந்தைமாரை வியப்பில் ஆழ்த்தும். பட்டத்துக்காக அலையவேண்டா, வயிற்றுப்பாட்டைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டா, பாரிஸ் நகரம் சென்று பௌதிகமும் இரசாயனமும் யந்திரவியலும் கற்றுக்கொள்க என்பதே அதன் சாரம். மகனை வைத்தியராக்கியே தீர்வதென்று நிற்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

துமோன் பாரிஸ் சென்றார்; கற்றார்; பின்னர் ஆகாயக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வித்தார். சென் குளூ என்னுமிடத்திற் புறப்பட்டு, ஈபெல் கோபுரத்தை வலம் வந்து, 30 நிமிடத்துள் மீள்பவருக்கு 100,000 பிராங்கு பரிசு என்று அக்காலத்துச் செல்வர் ஒருவர் அறிவித்திருந்தார். போய் வரும் தூரம் 11 கிலோமீற்றர். 1901 ஓகஸ்டிலே துமோனின் ஐந்தாம் இலக்கக் கப்பல் ஒரு கட்டடத்தின் மேல் வீழ்ந்து சிதைந்தது. அவர் உயிர் தப்பியது அருந்தலாக. சோர்ந்தாரல்லர். ஆறாம் இலக்கக் கப்பலில் ஏறி, ஒக்டோபர் 19ஆந் திகதி கோபுரத்தைச் சுற்றி மீண்டார். நிமிடக் கணக்கிலே சிறு வழக்கெழுந்தது. முடிவிற் பரிசு அவருக்கே கிடைத்தது.

இங்கேதான் நாம் நின்று பார்க்கவேண்டும். முன்னரே செல்வராய் இருந்தவருக்கு இரண்டாஞ் சீட்டும் விழுந்தது. அவர் அதனில் ஒரு காசையும் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. தம்மோடு உழைத்த தொழிலாளருக்கும் பாரிஸ் நகரத்து ஏழைகளுக்கும் பகிர்ந்தளித்தார். அடகிலே கிடந்த உளியும் வாளும் சுத்தியலும் அப்பணத்தால் மீட்கப்பெற்றன என்பர். பிற்காலத்தில் 'டெமுவசெல்' என்னும் மிகச் சிறிய விமானத்தை அமைத்தபோதும், அதன் வரைபடத்தைக் காப்புரிமைப் பூட்டிட்டு அடைக்காமல், செய்ய விரும்புவோர் எவரும் செய்துகொள்க என்று விட்டுவிட்டார். ஆகாயம் தம் ஒருவரின் வளவு அன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

அமெரிக்கராகிய ஹவாட் ஹியூஸின் கதை வேறு. எண்ணெய்க் கிணறு தோண்டுங் கருவி செய்யும் கம்பனி 1924ஆம் ஆண்டு தந்தையின் மறைவால் அவர் கைக்கு வந்தது. அவருக்கும் வயது 18. அவர் ஆற்றல் மிக்கவர் என்பதை மறுக்கமாட்டோம். 1935இல் தாம் செய்வித்த விமானத்தில் மணிக்கு 352 மைல் வேகம் பறந்தார். 1938இல் நால்வர் துணையோடு 3 நாள் 19 மணி 17 நிமிடத்தில் உலகைச் சுற்றினார். பின்னர் பெருமை என்பது பருமை என்று அவருக்குத் தோன்றிற்றுப் போலும். எட்டு யந்திரங்கள் பூட்டி, சிறகின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 320 அடி அகலமாக, மரத்தாலான கடல் விமானம் ஒன்றைச் செய்வித்தார். அரசாங்கப் பணத்தோடு தம் பணத்தையும் அதில் வார்த்தார். 1947 நவம்பர் 2ஆந் திகதி அது நீரை விட்டு 70 அடி உயர எழுந்து, ஏறத்தாழ ஒரு மைல் தூரம் சென்று இறங்கிற்று. அதன்பின் அது பறக்கவேயில்லை. ஆயினும் அவர் 1976இல் இறக்கும்வரை அதனைத் தனிக் கொட்டகையில் அடைத்து, நாளையே பறக்கப் போவதுபோலப் பேணுவித்தார். பூதங் காத்த புதையல் என்பது இதுவேயாம்.

கணினித் தொழிலாற் பெருஞ்செல்வரான போல் அலன் என்பாரும் இவ்வழியே சென்றார். அவர் செய்வித்த விமானத்தின் சிறகு ஹியூஸினதை விடவும் அகன்றது. 2019 ஏப்பிரலில் அது முதன்முறை பறந்தபோது அதனைப் பார்க்க அவர் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் காலமாகிவிட்டார். அவர் சேகரித்த பழைய போர் விமானங்களும் 2022இல் வேறொருவருக்கு விற்கப்பட்டன.

விமானப் பித்தே இல்லாமல் விமானத்துக்குப் பணம் அளித்தவரும் உண்டு. கப்பற் செல்வரின் கைம்பெண்ணான ஹூஸ்டன் சீமாட்டி, 1931இல் அரசாங்கம் கைவிரித்த கடல் விமானப் போட்டிக்கு 100,000 பவுண் கொடுத்தார். அரசாங்கத்தின் மேல் அவருக்கிருந்த சினமே அக்கொடைக்கு முதற்காரணம் என்று கொள்ள இடமுண்டு. காரணம் யாதாயினும், அப்போட்டியில் வென்ற விமானத்தினாலும் அதன் யந்திரத்தினாலும் அமைப்பாளர் பெற்ற அனுபவமே ஸ்பிற்பயர் விமானத்துக்கும் அதன் யந்திரத்துக்கும் வழிவகுத்தது.

இனி, சீட்டுப் பணமே நேராக ஆகாயத்துக்குச் சென்ற கதையைக் கூறுவோம். பிரித்தானியாவின் தேசிய அதிர்ஷ்டலாபச் சீட்டு 1994இல் தொடங்கிற்று. விற்பனையில் ஒரு பங்கு பொது நன்மைக்கென ஒதுக்கப்படும். அதிலிருந்து மரபுரிமைப் பொருள்களைக் காக்கவும் நிதி உண்டு. 1993ஆம் ஆண்டு விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று விற்கப்பட்ட 'வல்கன்' குண்டுவீச்சு விமானம் ஒன்றை மீண்டும் பறக்கச் செய்ய வேண்டுமென்று ஆர்வலர் குழுவொன்று புறப்பட்டது. முக்கோணச் சிறகும் நான்கு யந்திரங்களும் உடையது அது. அணுக்குண்டு சுமப்பதற்கென்றே அமைக்கப்பட்ட வகை. ஊரழிக்கும் கருவியை ஊரார் சீட்டுக் காசினால் உயிர்ப்பிப்பதா என்று வினாவுவோர் இருப்பர், அவ்வினா நியாயமானதே. ஆயினும் அதன் உருவத்தைக் கண்டோர் அதனை வெறுக்க இயலாதிருந்தனர். 2004இல் ஏறத்தாழ 27 இலட்சம் பவுண் அந்நிதியிலிருந்து கிடைத்தது.

கிடைத்தது போதவில்லை. விமானத்தைப் பகுதி பகுதியாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் சோதித்து, மீளப் பொருத்துதல் புதிதாகச் செய்வதினும் கடினம். 2006இற் பணம் தீர்ந்து வேலை நின்றுவிடும் நிலை வந்தது. பொதுமக்கள் சிறுதுளியாய்ச் சேர்த்தனர். செல்வர் ஒருவர் ஐந்து இலட்சம் பவுண் அளித்தார். 2007 ஒக்டோபர் 18ஆந் திகதி வல்கன் எழும்பிற்று. அதன்பின் எட்டு ஆண்டுகள் கோடைதோறும் அதன் இடிமுழக்கத்தைக் கேட்கச் சனம் திரள்திரளாய்க் கூடிற்று. ஆண்டுச் செலவு ஏறத்தாழ 20 இலட்சம் பவுண். 2012இல் ஒருநாள், ஈரம் உறிஞ்சுதற்கென யந்திரத்தின் வாயிலிலே வைத்த சிறு பைகள் எடுக்கப்படாமல் இருந்துவிட, ஓட்டம் தொடங்கியதும் அவை உள்ளிழுக்கப்பட்டு இரண்டு யந்திரங்கள் பாழாயின. கைப்பிடியளவு பையினால் விளைந்தது அவ்வளவும்.

2015 ஒக்டோபர் 28ஆந் திகதி அது கடைசி முறையாகப் பறந்தது. பணம் இல்லாமையால் நின்றது என்று எண்ணவேண்டா. அதன் பறப்புக்குத் தொழில்நுட்பப் பொறுப்பேற்றிருந்த கம்பனிகள் இனி அப்பொறுப்பை ஏற்க இயலாதென்றன. அந்தப் பழைய யந்திரத்தையும் சட்டகத்தையும் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தவர்கள் வயது முதிர்ந்து ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டிருந்தனர். அவர்களிடத்தை நிரப்ப ஆளில்லை.

ஆகாயப் பித்தர் தம் கனாவிலே விமானத்தின் விலையைக் கணக்கிடுவர். கொட்டகை வாடகையையும் காப்புறுதியையும் கணக்கிடுவோர் சிலர். சிறு விமான யந்திரம் ஒன்றை ஏறத்தாழ 2000 மணி நேரம் ஓடியபின் முற்றாகக் கழற்றிச் செப்பஞ் செய்யவேண்டும் என்பதையும் அறிவோர் அதனினும் சிலர். அதைக் கழற்றுங் கை எங்கேயிருந்து வரும், அந்தக் கைக்குப் பின் எந்தக் கை என்று வினாவுவோரோ அரியர். பெருந்தொகை விழுந்தவனிடம் நாம் முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி அதுவென்றே கருதுகின்றோம்.

சீவகசிந்தாமணி கற்றோர் மயிற்பொறியை மறந்திரார். கேடு வருமென அஞ்சிய சச்சந்த மன்னன் ஒரு தச்சனைக் கொண்டு பறக்கும் மயிலைச் செய்வித்தான். பொறி வந்ததும் பெட்டியிற் பூட்டி வைத்தானல்லன். அரசியாகிய விசயையை அதில் ஏற்றி, எழுப்பவும் இறக்கவும் பயிற்றுவித்தான். பகை அரண்மனையைச் சூழ்ந்த நாளிலே அவளைக் காத்தது பொறி மட்டுமன்று, அந்தப் பயிற்சியுமாகும். அக்காவியத்தை அணிநயம் நோக்கிக் கற்பிக்கும் நாம் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றோம்.

அவ்வாறே செய்த ஒருவர் இங்கிலாந்திலே இருந்தார். பெயர் றிச்சட் சட்டில்வேத். புளேரியோ என்னும் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலக் கால்வாயை விமானத்தாற் கடந்த 1909 யூலை 25ஆந் திகதிக்கு ஒன்பது நாள் முன்னர்ப் பிறந்தவர். நீராவி யந்திரமும் சூடடிக்கும் பொறியும் செய்து புகழ்பெற்ற குடும்பம். அக்குடும்பத் தொழிற்சாலை முதலாம் உலகப் போரிலே விமானங்களும் செய்தது. 1932 யூலையில், 23 வயது நிரம்பியபோது, பெட்போட்சயரில் உள்ள பழைய வாடன் என்னும் ஊரின் பெருநிலமும் செல்வமும் அவருக்கு உரிமையாயின. அதே மாதத்திலேதான் பிறேசிலில் துமோன் காலமானார். எவரும் திட்டமிடாத இயைபு.

சட்டில்வேத்தும் இளைஞர்க்கு இயல்பான வேகம் உடையவரே. மோட்டார்ப் பந்தயம் ஓடினார். 1935இல் டொனிங்டன் பெரும்பந்தயத்தில் வென்றார். மறு ஆண்டு தென்னாபிரிக்காவில் விபத்துக்குள்ளாகிப் பந்தயத்தைக் கைவிட்டார். ஆனால் விமானத்தைப் பற்றியமட்டில் அவர் பார்வை வேறு. புதியதையும் பெரியதையும் நாடாமல், பிறர் பழைய இரும்பென்று ஒதுக்கியவற்றைத் தேடினார். 1909இற் செய்யப்பட்ட புளேரியோ விமானம் ஒன்று 1935இல் அவரிடம் வந்து சேர்ந்தது. தம் நிலத்திலேயே பட்டறை வைத்து, வேலையாட்களோடு தாமும் கைகளில் எண்ணெய் பூசிக்கொண்டு அத்தகையவற்றைச் செப்பஞ் செய்தார். செய்தவை பறக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. பறவாத விமானத்தைத் தோல் உரித்து வைக்கோல் அடைத்த பறவைக்கே ஒப்பிடலாம்.

1940 ஓகஸ்ட் 2ஆந் திகதி, விமானப்படையிற் பயிற்சிப் பறப்பிலே விமானம் வீழ்ந்து அவர் இறந்தார். வயது 31. மணமாகாதவர். ஒரே மைந்தனை இழந்த தாயார் அந்த விமானங்களை விற்றிருக்கலாம். எரித்திருந்தாலும் யாரும் குறைகூறார். அவர் 1944இல் மகன் பெயரால் ஒரு தருமநிதியை நிறுவினார். அதன் நோக்கமாக அவர் எழுதுவித்தது சேகரிப்பைக் காப்பதை மட்டுமன்று. விமானக் கலையையும் வேளாண்மையையும் கற்பித்தல் அந்நிதியின் கடமையாயிற்று. அந்நிலத்திலே விவசாயக் கல்லூரியும் எழுந்தது.

இன்றும் பழைய வாடனிலே பழங்கால விமானங்கள் பறக்கின்றன. சுழலும் யந்திரமுடைய முதலாம் உலகப் போர்க்கால விமானங்களுக்கு மசகு எண்ணெயாக வார்ப்பது வேறொன்றுமன்று, நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த ஆமணக்கெண்ணெயே. சிறகிலே லினன் துணியை இழுத்துத் தைப்பதற்கும், மெழுகுவதற்கும், மரச்சட்டத்தின் மூட்டை விரலாற் தடவிப் பழுதறிவதற்கும் அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள். ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அக்கலை செல்கின்றது. 1932இல் சட்டில்வேத் வாங்கிய 'மொத்' என்னும் சிறு விமானம் இன்னமும் அந்த வெளியிலேயே இருக்கின்றது. காற்றுச் சற்றும் அசையாத மாலையிலே அந்தப் புளேரியோ புல்லைவிட்டுச் சில அடி எழும்பி, நேரே சென்று இறங்கும். ஹியூஸின் மரவிமானமும் அவ்வாறுதான் ஒருமுறை எழும்பி இறங்கிற்று. இது நூற்றாண்டு கடந்தும் எழும்பி இறங்குகின்றது.

இச்செய்தி நமக்கு எட்டாத தூரத்ததன்று. 1990ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்திலே, ஒஸ்ரின் கேம்பிறிச்சையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகள் எவருடையவை? ஒரு துளி பெற்றோலைக் காட்டி யந்திரத்தை எழுப்பிப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உபாயத்தை எந்தக் கல்லூரி கற்பித்தது? உதிரிப்பாகம் வராதபோது தாமே கடைந்து பொருத்தினர். கடைய முடியாதபோது வேறொன்றை வெட்டி ஒப்பேற்றினர். அந்தக் கராச்சுகளிலே அன்று நின்ற இளைஞர் இன்று முதியர். அவர்களுட் பலரின் பிள்ளைகள் கடல் கடந்துவிட்டனர். அவர்கள் அறிந்தவற்றை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தாலும் விரலறிவு ஏட்டில் ஏறாது.

பலாலித் தளம் 2019இல் மீளத் திறக்கப்பட்டபின் அவ்வழியாலே செல்லும் விமானங்களை அண்ணாந்து பார்க்கும் பிள்ளைகளின் தொகை நம் பள்ளிக்கூடங்களிலே பெருகியிருக்கின்றது. அவர்களுள் ஒருவனுக்கு வருங்காலத்திற் சீட்டு விழக்கூடும். விழுமாயின் அவன் தனக்கென ஒரு விமானம் வாங்கட்டும். அதனைத் தடுக்க நாம் யார்? வாங்குமுன், அதிற் சிறு பங்கை எடுத்து, கடைசல் யந்திரம் ஒன்றும் பட்டடை ஒன்றும் வாங்கி, ஓலைக் கொட்டகை ஆயினும் ஆகுக, ஒன்று போட்டு, அந்த முதியவர்களுள் இருவரை அழைத்துச் சம்பளமும் தேநீரும் கொடுத்து, பத்துப் பிள்ளைகளை அவர்கள் பக்கத்திலே நிறுத்துவானாக. விமானம் வந்து இறங்கும்போது அதன் மூடியைத் திறப்பதற்கு ஆளிருக்கும்.